மலையடிவாரப் பள்ளியும் மதிப்பெண் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – புள்ளியியல்)

முன்னுரை

ஒரு பள்ளியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எவரும் முதலில் கேட்பது, “எத்தனை விழுக்காடு?” என்பதுதான். விழுக்காடு கூடினால் நல்ல பள்ளி. குறைந்தால் மட்டமான பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளும் மட்டம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். போடிநாயக்கனூர் வணிகர்கள் ஏலக்காயைத் தரம் பிரிக்கும்போதுகூட நிறம், பருமன், லிட்டர் எடை என்று பலவகையாலும் பார்க்கிறார்கள். பிள்ளைகளைத் தரம் பிரிக்க மட்டும் ஒரே ஓர் எண் போதும் என்று நாம் எண்ணுவது சரியா?

புள்ளியியல் பயிலும் மாணவி என்ற முறையிலும், குரங்கணி மலைச்சரிவின் கீழே ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்றவள் என்ற முறையிலும், இந்தக் கேள்வியை ஆராய விழைகிறேன். ஒரு சிறிய அரசுப் பள்ளியின் கல்வித் தரமும், அதில் பயிலும் மாணாக்கரின் குடும்பநிலையும் எவ்வாறு பிணைந்துள்ளன, அவற்றை எவ்வாறு பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குரங்கணியும் அதன் மக்களும்

போடியிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது குரங்கணி. கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. இதே ஊராட்சியில்தான் டாப் ஸ்டேஷனும், ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் தேயிலை விளையும் கொழுக்குமலையும் உள்ளன. கொழுக்குமலை தேனி மாவட்டத்து ஊர். ஆனால் வண்டியில் செல்ல வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் செல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பிள்ளை நம் மாவட்டத்துப் பள்ளிக்கு வர, ஒன்று மாநில எல்லையைக் கடந்து சுற்றி வர வேண்டும். இல்லையேல் மலைப்பாதையில் நடந்து இறங்க வேண்டும்.

வெள்ளையர் காலத்தில் மூணாற்றுத் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் போடிக்குச் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. சரக்கு இறங்குவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டவர்கள், பிள்ளைகள் இறங்கி ஏறுவதற்கு அவ்வளவு விரைவில் வழி காணவில்லை என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்திற்கு வந்தவர்கள் சிக்கி 23 பேர் உயிரிழந்தபோதுதான் நாட்டில் பலருக்குக் குரங்கணி என்ற பெயரே தெரிய வந்தது.

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் தோட்ட வேலையை நம்பியவர்கள். மலைமேல் முதுவர் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களுடைய பேச்சு தமிழோடு நெருங்கியதே ஆயினும், பாடநூல் தமிழிலிருந்து வேறுபட்டது. அந்தப் பிள்ளைக்கு முதல் வகுப்பில் எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.34 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள ஏறக்குறைய 26 விழுக்காட்டு இடைவெளியைத்தான் மலையடிவாரப் பள்ளி ஒன்று நாள்தோறும் தன் வகுப்பறையில் எதிர்கொள்கிறது.

2. அளவுகோல் எது?

நடுநிலைப் பள்ளி என்பது ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றிருந்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, மாநிலங்கள் விரும்பினால் நிறுத்திவைக்கலாம் என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு வைப்பதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள்.

ஆகவே நம் நடுநிலைப் பள்ளிகளில் அனைவரும் தேர்ச்சியே. “நூற்றுக்கு நூறு தேர்ச்சி” என்ற பலகையால் நாம் அறிவது ஒன்றுமில்லை. அளக்க வேண்டியவை வேறு. எட்டாம் வகுப்பு மாணவர் ஒரு பத்தியைப் பிழையின்றிப் படிக்கிறாரா? மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறாரா? ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறாரா? இவைதாம் உண்மையான அளவுகோல்கள்.

மற்றுமோர் அளவுகோலும் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வு அது. மனத்திறனில் 90 வினாக்கள், பாட அறிவில் 90 வினாக்கள். தெரிவு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆயினும் இத்தேர்வுக்குப் பயிற்சி பெற்ற சிலரே எழுதுவதால், அது பள்ளி முழுவதையும் காட்டும் கண்ணாடி ஆகாது.

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது பழமொழி. மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படைத் தத்துவமே இதில் அடங்கியுள்ளது. ஆனால் பானை முழுவதும் ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதமாகும். அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் இருக்கும் பானைக்கு ஒரு சோறு எப்படிச் சான்று சொல்லும்? நம் பள்ளிகள் இரண்டாம் வகைப் பானைகள்.

3. சிறிய எண்களின் ஆட்டம்

மலையடிவாரப் பள்ளிகளில் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பது இயல்பு. ஒரு வகுப்பில் 12 பேர் என்று கொள்வோம். ஒரு பிள்ளை தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்தப் பள்ளியின் விழுக்காடு 8.33 குறையும். 120 பேர் உள்ள நகரப் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் 0.83தான் குறையும். காய்ச்சல் ஒன்றே, தண்டனை பத்து மடங்கு.

இதை நாணயம் சுண்டியும் காணலாம். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டினால் ஏழும் அதற்கு மேலும் தலை விழுவதற்கான நிகழ்தகவு 1,024-இல் 176. அதாவது நூற்றுக்கு 17. அதே நாணயத்தை 100 முறை சுண்டினால் எழுபதும் அதற்கு மேலும் தலை விழுவதற்கான நிகழ்தகவு லட்சத்துக்கு 4 அளவே. இரண்டிலும் நாணயம் மாறவில்லை. எண்ணிக்கை குறையும்போது விழுக்காடு கூடுதலாக ஆடும் என்பதே இதன் பாடம்.

இதனால் விளைவது என்ன? எந்த மாவட்டத்துப் பட்டியலை எடுத்தாலும் உச்சியில் சில மிகச் சிறிய பள்ளிகள் இருக்கும். கடைசியிலும் சில மிகச் சிறிய பள்ளிகள் இருக்கும். அமெரிக்காவில் உச்சியை மட்டும் பார்த்தவர்கள், சிறிய பள்ளியே சிறந்த பள்ளி என்று முடிவுகட்டி, பெரும்பொருள் செலவிட்டுப் பெரிய பள்ளிகளைப் பிரித்தார்கள். ஹோவர்ட் வைனர் என்ற புள்ளியியலாளர், பட்டியலின் அடிப்பகுதியிலும் சிறிய பள்ளிகளே மிகுதியாக உள்ளன என்று எடுத்துக்காட்டி, அந்த முடிவின் பிழையை விளக்கினார். நம் ஊரில் நேர்வது இதன் மறுபக்கம். கடைசியை மட்டும் பார்த்து, சிறிய பள்ளி பயனற்றது என்கிறோம். ஓராண்டு இறங்கினால் “பள்ளி கெட்டுப்போயிற்று” என்பதும், மறு ஆண்டு ஏறினால் “புதுத் தலைமையாசிரியர் சாதித்துவிட்டார்” என்பதும் பல வேளைகளில் நாணயம் சுண்டிய கதையே.

4. இரு பள்ளிகள்: ஒரு கற்பனைக் கணக்கு

இனி மாணாக்கரின் குடும்பநிலைக்கு வருவோம். பின்வருவது விளக்கத்துக்காக நான் அமைத்த கற்பனைக் கணக்கு. எந்தப் பள்ளியின் உண்மைக் கணக்கும் அன்று.

நகரப் பள்ளியில் 100 மாணவர். அவர்களில் 80 பேரின் பெற்றோர் படித்தவர்கள். அந்த 80-இல் நன்றாக வாசிப்போர் 64. எஞ்சிய 20 பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அவர்களில் நன்றாக வாசிப்போர் 10. ஆக மொத்தம் 74 பேர்; 74 விழுக்காடு.

மலையடிவாரப் பள்ளியில் 50 மாணவர். படித்த பெற்றோரின் பிள்ளைகள் 10 பேர். அவர்களில் வாசிப்போர் 9. முதல் தலைமுறையினர் 40 பேர். அவர்களில் வாசிப்போர் 24. ஆக மொத்தம் 33 பேர், 66 விழுக்காடு.

மொத்தத்தைப் பார்த்தவர் நகரப் பள்ளியே சிறந்தது என்பார். பிரித்துப் பார்ப்போம். படித்த பெற்றோரின் பிள்ளைகளில் நகரப் பள்ளி 80 விழுக்காடு, மலைப் பள்ளி 90. முதல் தலைமுறைப் பிள்ளைகளில் நகரப் பள்ளி 50, மலைப் பள்ளி 60. இரு பிரிவிலும் மலைப் பள்ளியே மேல். மொத்தத்தில் மட்டும் கீழ்! இதனைப் புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்பர். பள்ளி எப்படிக் கற்பிக்கிறது என்பதும், பள்ளிக்கு யார் வருகிறார்கள் என்பதும் வெவ்வேறு கேள்விகள். மொத்த விழுக்காடு இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது.

முதல் தலைமுறை என்பது வெறும் பெயரன்று. பள்ளி நாள்களில் நான் வீட்டுப்பாடத்தில் ஐயம் கேட்க வேண்டுமானால் மறுநாள் ஆசிரியர் வரும்வரை காத்திருக்க வேண்டும். படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அதே ஐயம் அன்று இரவே தீர்ந்துவிடும். நாளுக்கு ஓர் ஐயம் என்றாலும் எட்டு ஆண்டுகளில் அது எத்தனை என்று கணக்கிட்டுப் பாருங்கள். இதில் அறிவின் குறை எங்கே இருக்கிறது?

5. பகுதி எண்ணை மறக்கலாமா?

விழுக்காடு என்பது ஒரு பின்னம். மேலே இருக்கும் தொகுதி எண்ணை எல்லாரும் பார்க்கிறோம். கீழே இருக்கும் பகுதி எண்ணைப் பார்ப்போர் சிலரே. ஆறாம் வகுப்பில் 20 பேர் சேர்ந்ததாகக் கொள்வோம். எட்டாம் வகுப்பு முடிவில் 15 பேர் இருக்கின்றனர். அவர்களில் 14 பேர் நன்றாக வாசிக்கின்றனர். 15-ஐப் பகுதியாக வைத்தால் 93 விழுக்காடு. 20-ஐ வைத்தால் 70 விழுக்காடு. நடுவில் காணாமற் போன அந்த ஐந்து பேர் எங்கே? சிலர் பெற்றோருடன் வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே படிக்கலாம். சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். ஐந்து பேருக்கும் ஐந்து காரணங்கள். ஒரு பள்ளியின் மனச்சான்று அதன் பகுதி எண்ணில்தான் இருக்கிறது என்பேன்.

எட்டாம் வகுப்புக்குப் பின்னும் இதே நிலைதான். கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு 14 வயதோடு முடிகிறது. அதே வயதில்தான் மலையடிவாரத்துப் பிள்ளை மேற்படிப்புக்காகப் போடியை நோக்கிப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. மாலையில் பேருந்து தவறினால் வீடு சேர இரவாகும். பெண்பிள்ளையானால் பெற்றோரின் அச்சம் இருமடங்கு. எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண் ஒன்பதாம் வகுப்பில் சேராமல் போனால், எந்த மதிப்பெண் பட்டியலும் அதைச் சொல்லாது.

6. வருகைப் பதிவேடும் ஏலக்காய்ப் பருவமும்

போடி வட்டாரத்துத் தொழிலாளர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பிள்ளை கண் விழிக்கும்போது தாய் வீட்டில் இல்லை. மூத்த பெண்ணே தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சில நாள் அவள் பள்ளிக்கு வருவதில்லை.

ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை, மாசி வரை நடைபெறும். ஒரே செடியில் மாதம் ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை காய் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை மிகுதி. நம் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு செப்டம்பரிலும் அரையாண்டுத் தேர்வு டிசம்பரிலும் நடப்பவை. தோட்டத்தில் ஆள் தேவை மிகும் நாளும், பள்ளியில் பாடம் மிகும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள்கள் என்று சட்டம் கூறுகிறது. வாரம் ஒரு நாள் வராத பிள்ளை ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 44 நாள்களை இழக்கிறது. மூன்று ஆண்டுகளில் 132 நாள். ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திய வாரம் வராத பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் விகிதம் புரியாது. எட்டாம் வகுப்பில் வட்டிக் கணக்கு புரியாது. ஆசிரியர் “கணக்கு ஏறவில்லை” என்கிறார். ஏறாதது கணக்கு அன்று. பள்ளிக்கு வராத அந்த நாள்கள்தாம்.

கொரோனாக் காலத்தில் இந்த இழப்பை நாடே கண்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள்! கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கைப்பேசி வகுப்புகளும் நடந்தன. ஆனால் அலைவரிசை எட்டாத மலைச்சரிவில் அவை எட்டாக்கனியே. ஏசர் என்னும் ஊரகக் கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவல்ல மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 விழுக்காடு. பள்ளி மூடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

7. உலகம் கண்ட பாடம்

1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரிடம் ஆய்வு நடத்தினார். பள்ளியின் கட்டடத்தையும் செலவையும்விட, குடும்பச் சூழலே மதிப்பெண்ணை மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்று அவர் கண்டார். இதைப் பிடித்துக்கொண்டு, “பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை” என்றனர் சிலர். அது அரைகுறைப் படிப்பு. நல்ல ஆசிரியரால் விளையும் பயன் வசதியுள்ள பிள்ளையைவிட வசதியற்ற பிள்ளைக்கே மிகுதி என்பதையும் அதே ஆய்வு கூறியது. வீட்டில் விளக்கு உள்ளவனுக்குத் தெருவிளக்கு ஒரு வசதி. வீட்டில் விளக்கு இல்லாதவனுக்கு அதுவே வெளிச்சம்.

1985-இல் டென்னசி மாநிலம் மற்றொரு சோதனை தொடங்கியது. 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளையும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளையும் குலுக்கல் முறையில் அமைத்து ஒப்பிட்டனர். சிறிய வகுப்பில் பயின்றோர் முன்னேறினர். ஏழைப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக முன்னேறினர். ஆகவே மலைப் பள்ளியின் சிறிய வகுப்பைக் குறை என்று மட்டும் கருத வேண்டியதில்லை. பயன்படுத்தினால் அது பேறு. ஆனால் அந்தச் சோதனையில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். நம்மிடம் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்த நேர்கிறது.

தமிழகமும் வாளாவிருக்கவில்லை. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982 ஜூலை 1 முதல் சத்துணவு. 2022 செப்டம்பர் 15 முதல் தொடக்க வகுப்புகளுக்குக் காலைச் சிற்றுண்டி. விடியுமுன் தாய் ஜீப் ஏறும் ஊரில் காலைச் சிற்றுண்டியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரிக்கின்றனர். பல வகுப்புகள் ஒன்றாக அமரும் மலைப் பள்ளிக்கு இது ஏற்ற முறை.

8. செய்யத்தக்கவை

ஆராய்ச்சியின் பயனாக ஐந்து கருத்துகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: முப்பது பேருக்குக் குறைவான வகுப்புகளுக்கு விழுக்காடு எழுதுவதை விட்டு, “12-இல் 9” என்று எண்ணாகவே எழுத வேண்டும்.

இரண்டு: ஓராண்டுக் கணக்கை வைத்துத் தீர்ப்புக் கூறாமல், மூன்றாண்டு எண்களைக் கூட்டி நோக்க வேண்டும். 12, 11, 13 என்ற மூன்று வகுப்புகள் சேர்ந்தால் 36 பேர், ஆட்டம் குறையும்.

மூன்று: ஆறாம் வகுப்பில் நுழைந்தபோது என்ன தெரிந்திருந்தது, எட்டில் வெளியேறும்போது என்ன தெரிகிறது என்று அதே பிள்ளையைத் தொடர்ந்து அளக்க வேண்டும். பள்ளி கூட்டித் தந்தது எவ்வளவு என்பது அப்போதுதான் புலப்படும்.

நான்கு: மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் வருகைப் பட்டியலை மாதவாரியாக வைக்க வேண்டும். வருகை குறையும் மாதம் தெரிந்தால், அடிப்படைப் பாடங்களை அதற்கு முன்போ பின்போ நடத்தலாம்.

ஐந்து: விலகிய பிள்ளைகளின் எண்ணிக்கையும், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோர் எண்ணிக்கையும் பள்ளியின் சாதனைப் பலகையில் இடம்பெற வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் நேர்மையான ஒரு பேனாவும் போதும்.

முடிவுரை

“மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது” என்ற பேச்சை நான் பேருந்திலும் கடைத்தெருவிலும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்குச் சான்றாகக் காட்டப்படுவது ஒரு விழுக்காடு. அந்த விழுக்காட்டைப் பிரித்துப் பார்த்தால் சிறிய எண்ணின் ஆட்டம் கொஞ்சம், வராத நாள்கள் கொஞ்சம், எழுத்தறியாத வீடு கொஞ்சம், தொலைதூரப் பேருந்து கொஞ்சம் என்று கரைந்துபோகிறது. பிள்ளையின் அறிவுக்குறை என்று சொல்ல அதில் எஞ்சுவது மிகச் சிறிதே. பிழையான ஓர் எண், பள்ளியை மூடலாம் என்ற எண்ணத்தைத் தரும். பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்பலாம் என்ற துணிவைப் பெற்றோருக்குத் தரும். எண்ணைப் பிழையாகப் படிப்பதன் விலையை எப்போதும் எளியவரே கொடுக்கின்றனர்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் செல்கிறோம். சாலையைச் செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். இனிவரும் முகாம் ஒன்றில் மலையடிவாரப் பள்ளி ஒன்றைத் தெரிந்துகொண்டு, தலைமையாசிரியரின் இசைவோடு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தி படிப்பதையும் ஒரு கணக்குச் செய்வதையும் அருகிருந்து கேட்டுப் பதிவு செய்வோம். மறு ஆண்டும் அதே பிள்ளைகளிடம் செல்வோம். இக்கல்லூரியில் பயில்வோரில் பலர் நாளை ஆசிரியராவோர். பட்டியலில் ஓர் எண்ணாக நிற்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குவோம் என்று தோழர், தோழியர் அனைவரையும் வேண்டுகிறேன்.